இடக்கை முறுக்கு

எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. தொண்ணூற்று நான்கில், புலம்பெயர்ந்து வந்து வாடகைக்கிருந்த வெக்ஸ்போர்ட் வீட்டில் நடந்ததை நினைத்தாலும், கொட்டுப்பட்ட தேயிலைதான் முதலில் மனதுக்கு வருகிறது.

மேலே வீட்டுக்காரர் நவரட்ணம் அண்ணையும் மகள் கஜனியும். கீழே பேஸ்மென்ட்டில் நாங்கள் நால்வர். மற்ற மூவரும் கஞ்சா புகைத்தார்கள், நான் தொடுவதில்லை. ஆனால் சாம்பல் கோப்பையைக் கழுவுகிறவன் நான் என்பதால், எது யாருடையது என்று தெரியும். மதுரைக்காரன் ராஜீவ் பீடி போல ஒல்லியாகச் சுருட்டி நூல் கட்டுவான். சூசைதாசன் தொழிற்சாலையில் ஜமேக்கர்களிடம் பழகியவன். அவனுடையது கடலைச் சரை மாதிரிக் கூம்பாக இருக்கும். மகேஸ்வரன் யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் போல வயிறு பருக்கச் சுருட்டி, நுனியை இடப்பக்கமாக முறுக்குவான். இடக்கைக்காரன்.

அவனுக்கும் கஜனிக்கும் கல்யாணம் பேசி முற்றானபோது, இனித் தொடமாட்டேன் என்று அண்ணைக்குச் சத்தியம் செய்தான். மூன்று மாதம் தொடவுமில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் திருந்துவதில்லை. அந்தப் பிள்ளையை யாராவது காப்பாற்ற வேண்டுமே. கஜனி சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சூசைதாசனின் கஞ்சாப் பேணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இடக்கையால் சுருட்டப் பழகினேன். நாற்பதாவது சரியாக வந்தது. அதை மேலே சாமியறையில் விபூதித் தட்டருகே வைத்தேன்.

அண்ணை ஊரில் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவர். அதைப் பிடித்தபடி இறங்கி வந்து, மேசையில் தேயிலைப் பெட்டியையும் சுருட்டுகிற தாளையும் வைத்தார்.

"உது ஆற்றை வேலை எண்டு நான் கேக்கேல்லை. ஆளுக்கொண்டு சுத்திக் காட்டுங்கோ."

ராஜீவ் நூல் தேடினான். சூசைதாசன் கூம்பு செய்தான். நான் வலக்கையால் முயன்று தேயிலையைக் கொட்டினேன்.

"அன்புராசா, நீர் விடும். உமக்கு உது சரிவராது," என்றார் அண்ணை பாசத்தோடு.

மகேஸ்வரனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. அழகாகச் சுருட்டி, இடப்பக்கம் முறுக்கி, அண்ணையின் கையிலேயே கொடுத்தான். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, சத்தியமா நான் விட்டிட்டன்."

"கை விடேல்லையே, தம்பி."

மகேஸ்வரன் வீட்டைவிட்டு ஒஷாவாவுக்குப் போனான். கஜனி ஒரு மாதம் அழுதாள். அடுத்த ஆவணியில் எங்கள் கல்யாணம்.

முந்திய முப்பத்தொன்பதையும் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். வீணாக்குவது பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேனே. இப்போதும் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, கராஜுக்குள் நாளுக்கு மூன்று சுருட்டுகிறேன். கஜனியிடம் சொல்வதில்லை, வீணாகக் கவலைப்படுவாள். ஒரு கஞ்சாக்காரன் கையில் விழாமல் அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு இன்றும் இருக்கிறது.