ஒரு குரலுக்கு ஒரு ஆளு

ஏசி போதுமா தம்பி? தொண்டைய பாத்துக்கங்க, நாளைக்கி பைனலு. விழுப்புரமே டீவி முன்னால குந்திக்கினு இருக்கும்.

ரூட்டு தப்பல. திண்டிவனம் தாண்டி லாரி ஒண்ணு கவுந்து கெடக்குதாம், அதான் ஒலக்கூர் பக்கம் உள்ள வுட்டேன். டவர் இல்லியா? இங்க அப்டித்தான்.

இன்னா தேவா, இன்னுமா என்னைத் தெரியல? தாடி வச்சிக்கினேன், அதுதான். வெங்கடாசலம். கோகுலகிருஷ்ணன் அப்பா. எங்க வூட்டு மல்லாட்டைய உரிச்சித் தின்னுக்கினு ரெண்டு பேரும் பாடிப் பழகுவீங்களே. டீவிகாரங்க வண்டி கேட்டிருக்காங்கன்னதும் நான்தான் ஓனர்கிட்ட கேட்டு வாங்கிக்கினேன்.

அழுவாதீங்க. குரலு கெட்டுடும்.

ரெண்டு பேரும் ஒரே பெரிய பாடகரு மாதிரிதான் பாடுவீங்க. ஒரு குரலுக்கு ஒரு ஆளுதான் எடுப்போம்னு டீவில சொல்லிட்டாங்க. மொதல்ல கூப்டது எங்க கோகுல. அவன் செத்துப் பூட்டான், அப்பறம் உங்களக் கூப்டாங்க. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? குடிச்சிட்டு கெணத்துல வுழுந்துட்டான்னு போலீசுல எழுதி மூடிட்டாங்க. தொண்டைக்கு ஆவாதுன்னு ஜில் தண்ணி கூட தொடமாட்டான், அவனா குடிச்சான்? வயிறு எரியுது தம்பி. அவன் போனும் கெடைக்கல. சேத்துல பூந்திருக்கும்னாங்க.

அவன பாத்தே ஆறு மாசம் ஆச்சின்னு நீங்க போலீசுல சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். எங்கூட்டுக்காரி அம்சவள்ளிதான் போன வாரம் நீங்க பாடினத கேட்டுட்டு, சோத்துத் தட்ட அப்டியே வச்சிட்டு எழுந்துட்டா. ஜட்ஜுங்க எல்லாம் அச்சு அசல்னு கை தட்றாங்க. இவ சொல்றா, சரணத்துல 'சொல்லு'ன்னு வர்ற எடத்துல பல்லு சந்துல லேசா காத்து பூந்து வருதுய்யா, அந்தப் பாடகருக்கு அப்டி வராது, அது நம்ம கோகுலு காத்துன்னு.

ஆமாமா, கரெக்ட்டு. நானும் அதான் சொன்னேன். கூடவே பாடிப் பழகினவன், அவன் குத்தம் கொறையும் சேந்து ஒட்டிக்கிச்சின்னேன். கோகுலு பாடி போன்ல ரெக்கார்டு பண்ணுவான், அத திருப்பித் திருப்பி கேட்டு அப்டியே புடிக்கிறதுதான் உங்களுக்கு சுலபம். பாடகர் பாட்ட கேட்டா வராதுன்னு நீங்களே சொல்லிக்கினு இருப்பீங்க.

ஆனா, கோகுலுக்கு முன்பல்லு ஒடைஞ்சது வெள்ளிக்கிழமப்பா. மழையில பைக்கு சறுக்கிடுச்சி. செலக்சன்ல எப்டி பாடுவேன்னு பேஜாராயி, ரெண்டு நாளும் பாடிப் பாடி ரெக்கார்டு பண்ணிக்கினு இருந்தான். ஞாயித்துக்கிழம பொணமா எடுத்தோம். அந்தக் காத்து அவன் பாட்டுல இருந்தது ரெண்டே நாளு. ஆறு மாசமா பாக்காத உனக்கு எப்டிப்பா ஒட்டிச்சி?

கதவு தெறக்காது. லாக்கு எங்கிட்ட இருக்குது.

ஒதட்ட கடிக்காத. நான் உன்ன ஒண்ணும் பண்ணப்போறதில்ல, அவ இன்னா பண்ணுவான்னுதான் தெரியல. அதோ, அந்தக் கெணத்தாண்ட நிக்கிறா பாரு. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. புள்ள கடைசியா பாடினத கேக்கணுமாம். அவன் போன எடு.