லேகியம் மருந்தா?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எதை வேண்டுமானாலும் மூலிகை என்று விற்றுவிடலாம். சாரலில் நனைந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. நான் விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தேன். லேகிய டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததைச் சோதித்துவிட்டீர்களாம், ஐயா. அதனால் சுற்றி வளைக்கப் போவதில்லை.

தென்காசிப் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். குழல்வாய்மொழி ஆய்க்குடிப் பெண், எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவள் காலில் ஓட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான். ஆறு வருஷம் விடியற்காலையில் விசிலும் கையுமாக நின்றவனும் நான்தான். எண்பத்தாறில் சென்னைப் பயிற்சி முகாமிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. டில்லித் தேர்வில் ஜெயித்தால் முகாமில் இடம், பிறகு வெளிநாட்டுப் போட்டி. கடிதத்தைக் காட்டிச் சொன்னாள்:

"இங்கனயே இருந்தா இதுக்கு மேல ஓட முடியாதாம், ஸார்."

முடியாதாம். சொன்னவன் யார்? கால்சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்கும் ஒரு சென்னைக்காரன். எனக்கு வலித்தது. அதை மறைப்பானேன்?

உடம்பு தேறாத நோயாளிகளுக்கு எடை கூட ஒரு மாத்திரை தருவார்கள். ஓடுகிறவர்கள் தின்றால் தடை. அதைப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் சுக்கு, திப்பிலியோடு கிளறி, குற்றாலத்து லேகியம் என்று கொடுத்தேன். காலையும் மாலையும் உருட்டி விழுங்கினாள். குரல் தடித்தது. சாரல் காற்று என்றேன், நம்பினாள். பிளஸ் டூ படித்தவள்.

டில்லிக்குத் துணையாக நான்தான் போனேன். முதலாவதாக வந்தாள். சிறுநீரை இரண்டு குப்பிகளில் ஊற்றி அரக்கு வைத்தார்கள். ஆங்கிலப் படிவத்தை நான் படித்துச் சொன்னேன். மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று அதில் ஒரு கேள்வி.

"லேகியத்த எழுதணுமா, ஸார்?"

"ஏட்டி, லேகியம் மருந்தா? நீ என்ன சீக்காளியா?"

சிரித்தாள். எங்கள் ஊரில் மருந்து என்றால் கசக்க வேண்டும். 'இல்லை' என்று போடச் சொல்லிக் கையெழுத்திட்டாள். எழுதியிருந்தால் யாராவது அன்றைக்கே டப்பாவைத் திறந்திருப்பார்கள்.

முதல் குப்பியில் மாட்டிக்கொண்டாள். தடகளச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் அவளைத் திருடி என்றார்களே தவிர, அவளுக்கு என்ன உரிமை உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல? இரண்டாவது குப்பியை அவள் தரப்பு ஆள் முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னவன் நான்.

"அப்போ நீங்களே போங்க, ஸார். வேற யார நான் நம்ப?" என்று அழுதாள்.

போனேன். அரக்கு உடையாமல் இருப்பதைச் சரிபார்த்தேன். அதிலும் அதே மருந்து என்ற முடிவைப் படித்துவிட்டு அவள் சார்பில் கையெழுத்திட்டேன். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷத் தடை. முகாமில் இடமும் போயிற்று.

ஆம், கலந்தவன் நான்தான். மாட்டுவாள் என்று தெரிந்துதான் கலந்தேன்.

போன மாதம் தடை முடிந்தது. மறுநாள் விடியுமுன் ஆய்க்குடியிலிருந்து சைக்கிள் மிதித்து என் மைதானத்துக்குத்தான் வந்தாள். "லேகியம் தீந்துட்டு, ஸார்" என்று பழைய டப்பாவை நீட்டினாள். பக்கத்தில் நின்ற புதுத் தலைமையாசிரியர், தடை விவரம் கேள்விப்பட்டிருந்தவர், அதை வாங்கி முகர்ந்து பார்த்து உங்களுக்கு அனுப்பிவிட்டார்.

சென்னைக்காரன் இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் அதை யோசியுங்கள், ஐயா. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?