வண்டிக்கு வந்த சேதம்

வாடகைக் கார் எடுக்க வருகிறவர்கள் முதலில் வண்டியின் நிறத்தைத்தான் கேட்பார்கள். எக்ஸஸ் என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான், அதனால் சொல்கிறேன் சார். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனாலும் எங்காவது இடித்துவிட்டால், சேதத்தில் முதல் பங்கை வண்டி எடுத்தவர்தான் தர வேண்டும். அதுதான் எக்ஸஸ். சாவி வாங்கும்போதே கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டால் அந்தப் பங்கையும் கேட்க மாட்டோம். அதற்குப் பெயர் வெய்வர். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே காது புளித்துவிட்டது. "அதெல்லாம் வேணாங்க, நான் நல்லா ஓட்டுவேன்" என்பார்கள். மோசமாக ஓட்டுவேன் என்று சொல்லிக் கார் எடுத்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் தங்கையின் கணவரும் அதையேதான் சொன்னார். "என்ன மச்சான், நம்மகிட்டயே வியாபாரமா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காகத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். வகிடு கோணலாக இருக்கும். வகுப்பில் யாராவது கேலி செய்தால், "எங்கண்ணன் எடுத்தது" என்று பெருமையாகச் சொல்வாளாம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் தோன்றவில்லை. அவளுக்குக் கல்யாணமான பிறகும் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம், மாடியறை அவர்களுக்கு. அப்புறம் மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வேலை கிடைத்தது. வீடு பார்த்துவிட்டு வரக் கார் வேண்டும் என்றார்கள்.

"நீயும் எங்ககூடவே வந்துடுண்ணா" என்றாள் தங்கை. சொல்லும்போது பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஒப்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழுது இருக்கலாம் என்று தோன்றினால் அந்த வண்டியின் சாவியில் சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவோம். மெக்கானிக் பார்த்து அவிழ்க்கும்வரை வண்டியை யாருக்கும் தரக் கூடாது. அன்று காலை ஒரு வெள்ளைக் காரைத் திருப்பிக் கொடுத்தவர், "இறக்கத்துல பிரேக்க மிதிச்சா மெத்துன்னு உள்ள போகுதுங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் அட்டையைக் கட்டினேன். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து நின்றபோது நான்தான் அதை அவிழ்த்தேன். சமதரையில் பிரேக் ஓரளவு பிடிக்கும். எங்காவது சின்னதாக ஓர் இடி, பம்பர் நசுங்கும், அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள், ஊர் மாறுகிற பேச்சும் கொஞ்சநாள் ஆறிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

நெடுஞ்சாலை சுற்று என்று சொல்லி மலைப்பாதையைக் காட்டியதும் நான்தான். அது குறுக்குவழி, அதனால் சொன்னேன்.

மறுநாள் அவர்கள் கிளம்புகிற நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். தங்கை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. அண்ணனை இப்படி விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை. என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்க மச்சான்" என்று சொல்லிப் போனார். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள் சார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

மலை இறக்கத்தில் ஒரு வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு வண்டி உருண்டிருந்தது. மேலே தூக்கும்போதே அவருக்கு உயிர் இல்லை.

தங்கை மாடியறையை விட்டுக் கீழே வந்துவிட்டாள், சின்ன வயதில் படுத்திருந்த அதே அறைக்கு. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டுபோய் வைப்பேன், இரண்டு வாய் சாப்பிடுவாள். தலையையும் நானே பின்னிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அவளை அப்படிப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் வீட்டில் இருக்கிறாளே என்று ஒரு நிம்மதி.

வண்டிச் சேதத்துக்கு ஆபீசில் பணம் கேட்பார்களோ என்று நேற்று கவலைப்பட்டாள். அந்தப் பாரத்தையாவது இறக்கிவைக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் கட்ட வேண்டாம்மா. வெய்வர் எடுத்திருக்கு."

"அவர் வேணாம்னுட்டேன்னாரே. வீட்டுக்கு வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு."

"அவருக்குத் தெரியாம நான்தான் என் கைக்காசைப் போட்டுக் கட்டினேன்."

"அன்னைக்கு உனக்கு உடம்பு சுடவே இல்லையேண்ணா" என்றாள். அப்புறம், "இடிக்கும்னு தெரிஞ்சுதான் கட்டினியா?" என்றாள். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

தெரியும் சார். பழுது என்று தெரிந்தே கொடுத்தேன், இறக்கத்துக்கு அனுப்பினேன், அவளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வெய்வரைப் போய் எனக்கு எதிரான சாட்சியாக எழுதுகிறீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் தங்கைக்கு ஒரு நஷ்டமும் வந்துவிடக் கூடாது என்றுதானே அதைக் கட்டினேன்.