யார் பட்ட பாடு

— எத்தனை பேர் அழுதாங்க? சரியாச் சொல்லு.

— நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்? டாக்டர் உங்களைப் பேசக் கூடாதுன்னாருங்க. உப்புத் தண்ணி ஆறுது, கொப்புளிங்க.

— முன் பெஞ்சுல உட்கார்ந்திருந்த எனக்கு, பின்னாடி மூக்கு சிந்துற சத்தம்தான் கேட்டுச்சு. என் பிரசங்கத்துக்கு இந்த இருபத்தாறு வருஷமா இருமல் சத்தம்தான்.

— கொட்டாவியும் உண்டுங்க.

— சிரிக்காதே. பகைவர் நடுவுல நின்னு சங்கீதக்காரன் கதறுறானே, அதே புலம்பல் சங்கீதத்தை நானும் நாலு தடவை பிரசங்கிச்சிருக்கேன். மூல பாஷையில சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொன்னேன். ஒருத்தர் கண்ணும் கலங்கல. நேத்துப் பேஞ்ச மழையில முளைச்ச காளான், இந்தச் சின்ன பாஸ்டர். எனக்குத் தொண்டை கட்டின ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மேடை ஏறினான். மொத்தச் சபையும் அவன் கைக்குள்ள.

— நீங்கதானே அவரைப் பேசச் சொன்னீங்க.

— பேசத்தான் சொன்னேன். ஜெயிக்கச் சொல்லல.

— சரி, சாப்பிட வாங்க.

— சர்ச் வாசல்ல பாத்தியா நீ? எனக்குக் கை கொடுக்க வந்த தலைமையாசிரியர், என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து அவனைத் தேடுறாரு. பிஷப்புக்கு இன்னைக்கே எழுதப் போறேன். இவனை வேற சபைக்கு மாத்தட்டும்.

— என்ன காரணம்னு எழுதுவீங்க?

— காரணம் வேற எழுதணுமா?

— காரணமே இல்லாம பகைக்கிறவங்களைப் பத்தித்தானேங்க இன்னைக்குப் பிரசங்கமே.

— நீயும் அவன் கட்சியா? காரணம் இருக்கு, கேட்டுக்கோ. திருட்டு. அந்தப் பிரசங்கம் அவன் சொந்தச் சரக்கே இல்ல.

— எப்படிச் சொல்றீங்க?

— அவன் என்ன கஷ்டத்தைக் கண்டான்? கல்யாணம்கூட ஆகல. “பகைவன் எப்பவும் கத்தியோட வர்றதில்ல. எதிர் நாற்காலியில உட்கார்ந்து, சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். பேர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகும்”னு சொன்னானே, “செருப்பு கழட்டுற சத்தத்துலயே அன்னைக்குப் பொழுது எப்படிப் போகும்னு தெரிஞ்சுடும்”னானே, அதெல்லாம் அவன் வாயில எப்படி வரும்?

— உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?

— பிடிச்சுதாவா... எனக்கே நெஞ்சை அடைச்சுது. உங்கிட்ட மட்டும் ஒத்துக்கிறேன். அது ஏட்டைப் பார்த்து எழுதினது இல்ல. யாரோ பட்டு, பட்டு, ஒவ்வொரு நாளா எழுதினது. அந்த ஆளை நான் கண்டுபிடிக்காம விடப் போறதில்ல.

— கண்டுபிடிச்சு?

— கையைப் பிடிச்சுக்கிட்டு, “உன்னை இந்தப் பாடு படுத்தின பாவி யாரு”ன்னு கேப்பேன்.

— அதை எழுதிச் சின்ன பாஸ்டர்கிட்ட கொடுத்த கை இப்ப ஈரமா இருக்குங்க. துடைச்சுக்கிறேன், அப்புறம் பிடிச்சுக் கேளுங்க.