சாக்கடை நிலையமும் மாமியாரும்

அதிகம் படிக்காத நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவருக்கு வேலை.

“நிலையத்தைப் பெருசாக்குனா யாருக்கு ஆபத்துன்னு ஆபீசர் கேட்டாரு. எம் மாமியாருக்குன்னேன்.”

“எங்கம்மை ஒங்களுக்கு என்ன செஞ்சா?”

“பழைய தொட்டிய மூடிட்டு வேலை பாத்தா, அழுக்குத் தண்ணி அப்படியே ஆத்துல விழுந்து நம்ம படித்துறைக்கு வரும். அவுக குளிச்சிட்டு, ஒரு கை அள்ளிக் குடிக்காம கரையேற மாட்டாவளே.”

“சொன்னாலும் கேக்க மாட்டா.”

“அதையும் சொன்னேன். புதுத் தொட்டி கட்டுன பெறவுதான் பழச மூடணும்னுட்டாரு.”

“மாமியார் மேல இம்புட்டுப் பாசமா!”

“காய்ச்சல்னு படுத்தா நம்ம வீட்டுக்குல்லா வருவாவ!”

அந்த அம்மாள் அவர் தோளில் அடித்துச் சிரித்தாள். கண்டக்டரும் சிரித்தார்.

மறுநாள் நிலையத்து வழியாகப் போனேன். புதுத் தொட்டிக்குக் கயிறு பிடித்து இடம் அளந்துகொண்டிருந்தார்கள்.