பச்சை மஃப்ளர் கட்டிய நரி

— அது வேற யாராவதா இருக்கும்மா. நான் இந்த லாண்டரியைப் பாத்துக்கற ஆளு, அவ்வளவுதான். சில்லறை வேணும்னா மெஷின் அந்த மூலைல இருக்கு.

— வாசல் தபால் பெட்டில செந்தோ குனிஹிகோன்னு எழுதியிருக்கே சார்.

— அந்தப் பேர்ல டோக்கியோல நூறு பேர் இருப்பான்.

— இருக்கட்டும். நெரிமாவுல கார்ட்டூன் கம்பெனி ஒண்ணுல டைரக்டரா இருந்த செந்தோ ஒருத்தர்தான். ஒகிதாம்மாகிட்ட விலாசம் வாங்கிட்டு வரேன். உங்க ஆபீஸ்ல போன் எடுப்பாங்களே, அவங்கதான். வருஷா வருஷம் நீங்க அவங்களுக்குப் புத்தாண்டு அட்டை போடறீங்களாமே.

— என்னத்தைச் சொல்ல. உலகத்துல ஒரே ஒரு ஆளுக்கு அட்டை போட்டேன். அதுவும் வினையாப் போச்சு.

— என் பேர் ட்சுகியோகா மதோகா. நரிப் படத்தைத் தேடற கூட்டத்துல நானும் ஒருத்தி.

— எந்த நரி? நரியும் தெரியாது, பரியும் தெரியாது. போங்க, போங்க.

— இந்த மழைல எங்க போறது சார்? துணியை மெஷின்ல போட்டாச்சு. அது காயற வரைக்குமாவது உக்காந்துட்டுப் போறேனே.

— நாப்பது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.

— சரி. அந்தக் கூடைல ரெண்டு துவாலை இருக்கு பாருங்க. சிவப்பை எடுத்துக் குடுங்களேன், தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு.

— இந்தாங்க. மழைக்காலத்துல குடை இல்லாம கிளம்பறதுதான் உங்க ஊர்ப் பழக்கமா?

— நன்றி சார். நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன். மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் படம். சத்தமே கிடையாது. தபால்கார நரி ஒண்ணு நத்தை வீட்டுக் கதவைத் தட்டி லெட்டர் குடுக்குது. நத்தை பிரிச்சுப் படிக்குது. நத்தையாச்சே, மெதுவாப் படிக்குது. நரி பதில் வாங்கிட்டுப் போக வாசல்லயே நிக்குது. நின்னுகிட்டே இருக்கு. படம் முடிஞ்சிடுது. இருபது, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி பசங்க எல்லாம் விளையாடின வீடியோ கேம்ல வர்ற அதே நரி, அதே நத்தை. ஆனா கேம் போட்ட கம்பெனி, இது எங்களுது இல்லைன்னு கையை விரிச்சிடுச்சு. யார் வரைஞ்சாங்கன்னு படத்துல ஒரு பேர் கூட இல்ல.

— இதைப் போய் எங்கிட்ட ஏன் சொல்றீங்க?

— இன்டர்நெட்ல இது வந்து பதினோரு வருஷம் ஆச்சு சார். இன்னி வரைக்கும் ஆளாளுக்கு ஒரு கதை விடறாங்க. கேம்ல நரி கழுத்துல சிவப்பு மஃப்ளர். படத்துல பச்சை. ஏன் பச்சை? திருட்டுப் படம்ங்கறான் ஒருத்தன். வரைஞ்சவன் செத்துட்டான், அதுக்கு அடையாளம்ங்கறான் இன்னொருத்தன். பாக்கறவங்களுக்குக் கெட்டது நடக்கும்னு கூட எழுதியிருக்கான்.

— முட்டாப் பசங்க. செத்தவன் எவன்? வேலை வெட்டி இல்லாதவனுங்க.

— நடுவுல யாரோ பொய்யா எழுதித் திசை திருப்பறாங்க. இது ஒசாகாவுல எடுத்ததுன்னு ஒரு தடவை. கொரியாவுக்கு அனுப்பி வரைஞ்சு வாங்கினதுன்னு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர். மொத்தம் பதினேழு. பதினேழும் எழுதினது ஒரே ஆள்.

— அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

— எல்லாரும் பச்சை பச்சைன்னு பதினோரு வருஷமா அடிச்சுக்கறாங்க. இந்த ஆள் மட்டும், 'மஃப்ளர் கலர் சரியாத்தானே இருக்கு, எதுக்கு இந்தக் கூச்சல்'னு எழுதறார். ஒசாகான்னு எழுதினப்பவும் அதே வரி. கொரியான்னு எழுதினப்பவும் அதே வரி.

— அதுக்கு?

— நான் கேட்டது சிவப்புத் துவாலை சார். நீங்க குடுத்தது பச்சை.

— கெட்டிக்காரிதான் நீங்க. அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிட்டீங்க. எங்க கம்பெனில பத்து வருஷம் ஒருத்தனும் பிடிக்கல.

— அப்ப நீங்கதான்.

— நான்தான். போதுமா? சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிச்சுத் தெரியாது. எங்க அம்மாவைப் பெத்த தாத்தாவுக்கும் இதே கண். அந்தக் காலத்துல ஓவியப் பள்ளியில சேரணும்னா முதல்ல புள்ளிப் புள்ளியா ஒரு புத்தகத்தைக் காட்டி, இதுல என்ன நம்பர் தெரியுதுன்னு கேப்பான். தெரியலைன்னா வெளிய போடா. நான் பழைய புத்தகக் கடைல அதே புத்தகத்தை வாங்கி, எந்தப் பக்கத்துக்கு எந்த நம்பர்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். பாஸ். அதுக்கப்புறம் வாழ்க்கை பூரா நம்பர்தான். பெயின்ட் புட்டி ஒவ்வொண்ணுலயும் நம்பர் ஒட்டியிருக்கும். இந்த இடத்துக்கு இந்த நம்பர்னு நான் எழுதிக் குடுப்பேன், அடிக்கறவங்க அதைப் பாத்து அடிப்பாங்க. என் கண்ணுக்கு அங்க வேலையே இல்ல.

— பின்ன அந்த நரிக்கு மட்டும் என்ன ஆச்சு?

— அதுவும் ஒரு ஜூன் மாசம்தான். இதே பிசுபிசுப்பு. அலமாரியில இருந்த புட்டிங்கள்ல ஒட்டின சீட்டெல்லாம் ஊறிப்போய் உதிர்ந்து கீழ கெடந்துச்சு. ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருந்தேன். யாரையாவது கூப்பிட்டு, எது எந்தப் புட்டியோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டா, உனக்குத் தெரியாதான்னு கேப்பாங்களே! நானே குத்துமதிப்பா ஒட்டிட்டேன்.

— சிவப்போட நம்பரைப் பச்சைல ஒட்டிட்டீங்க.

— எனக்கு ரெண்டும் சேறு மாதிரி ஒரே கலர்தான். கேம் கம்பெனிக்காக எடுத்த படம் அது. கடைகள்ல டிவில ஓட விட. சத்தம் கடைசில சேக்கறதா இருந்துச்சு. ஆயிரத்து நூறு தாள். கண்ணாடி மாதிரி தாளு, பின்பக்கமா பெயின்ட் அடிக்கணும். புட்டியும் தாளுமா ஒரு பொம்பளை வீட்டுக்கு அனுப்பினோம். வீட்ல உக்காந்து பெயின்ட் அடிச்சுக் குடுப்பா அவ. ஒரு பொட்டு வெளிய போகாது. அப்படி ஒரு கை.

— பேர்?

— வேண்டாம்மா.

— பேரைச் சொல்லுங்க சார்.

— இரியே. இரியே சிஸூரு.

— அவங்க கவனிக்கலையா? புட்டியைத் திறந்தா தெரியுமே.

— கவனிச்சா. போன் பண்ணா. 'சார், மஃப்ளருக்குப் போட்டிருக்கற நம்பர்ல பச்சை இருக்கு. கேம்ல சிவப்பாச்சே, சரிதானா?'ன்னு கேட்டா. எவ்வளவு பணிவாக் கேட்டா தெரியுமா? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா மட்டும் எனக்குத் தெரிஞ்சிடுமா?

— என்ன பதில் சொன்னீங்க?

— அதைக் கேக்காதீங்க.

— ஒகிதாம்மா லைன்ல இருந்தாங்களாம். சொன்னாங்க. உங்க வாயால கேக்கணும்.

— 'நம்பரைப் பாத்து அடிங்க, உங்க கண்ணு இங்க யாருக்கும் தேவையில்ல'ன்னேன். முறைங்க, நல்லா முறைங்க. படத்தைப் போட்டுக் காட்டினப்ப கேம் கம்பெனி ஆளுங்க ஒரு வார்த்தை பேசல. எழுந்து, குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதோட எல்லாம் போச்சு. முதலாளி, யார் வேலை இதுன்னு கத்தினார். நான் ஒரே மூச்சுல, 'பெயின்ட் அடிச்சவ புட்டியை மாத்திட்டா'ன்னு சொல்லிட்டேன். யோசிக்கக் கூட இல்ல. வாய் தானா சொல்லிடுச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? நெரிமாவுல எங்க தொழில் பூரா நாலே தெருவுக்குள்ள. சாயந்தரத்துக்குள்ள எல்லா ஆபீசுக்கும் பரவிடுச்சு. கலரை மாத்தி அடிக்கறவளுக்கு எவன் வேலை குடுப்பான்? நான் ரெண்டு வருஷம் இருந்தேன். பென்சிலை எடுக்கவே மனசு வரல. விட்டுட்டு வந்தேன். இப்ப அடுத்தவன் துணி சுத்தறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். எனக்கு இது கூட அதிகம்தான்.

— ஒண்ணை விட்டுட்டீங்க. அவங்க ஆபீசுக்கு வந்தாங்க இல்ல?

— ஒகிதா எல்லாத்தையும் கக்கிட்டாளா?

— இதை ஒகிதாம்மா சொல்லல. மழை. பச்சரிசி மாவுல பயறுப் பூரணம் வச்ச சின்னச் சின்ன இனிப்பு, பன்னெண்டு வச்ச பெட்டி. ஊதா துணில சுத்தியிருந்துச்சு. மன்னிப்புக் கேக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுன்னு, வீட்ல இருந்த கடைசி நோட்டைப் போட்டு வாங்கினது. உங்க மேஜை முன்னாடி தலை தரையில படற மாதிரி குனிஞ்சாங்க. 'என் கவனக்குறைவால உங்களுக்கெல்லாம் கஷ்டம்'னாங்க. நீங்க பெட்டியை வாங்கிக்கிட்டீங்க.

— எப்படித் தெரியும் உங்களுக்கு இதெல்லாம்?

— நீங்க போட்டிருந்த செருப்புல இடது கால் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. நான் நின்ன உயரத்துக்கு அதுதான் தெரிஞ்சுது.

— அந்தக் கொழந்தை... மஞ்சள் ரெயின்கோட்டு...

— அஞ்சு வயசு எனக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி இரியே மதோகா.

— கடவுளே. சிஸூரு பொண்ணா நீ?

— எங்க வீட்ல நான் ஓடக் கூடாது சார். தூசி பறந்து ஈரப் பெயின்ட்ல ஒட்டிடும். அம்மா வெள்ளைக் கையுறை போட்டு உக்காந்திருப்பாங்க, நான் மூலைல பூனை மாதிரி இருப்பேன். அந்த ஜூனுக்கப்புறம் வீடு பூரா எனக்குத்தான், எங்க வேணா ஓடலாம். அம்மா சாப்பாட்டுப் பெட்டி கட்டற ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம். ஓடற பட்டையில சோத்துப் பெட்டி வரும், ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சிவப்பு ஊறுகாய்ப் பழம் வைக்கணும். 'இந்தக் கலரை மட்டும் யாராலயும் மாத்தி வைக்க முடியாது'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. எனக்கு அந்தச் சிரிப்பைப் பாத்தா அழுகை வரும்.

— அவளுக்குத் தெரியுமா? என் கண்ணைப் பத்தி?

— ஆயிரத்து நூறு தாளை அந்தப் புட்டிலேருந்து அடிச்சவங்க சார். போனை வச்சப்பவே புரிஞ்சிருக்கும். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

— தெரிஞ்சுமா பெட்டியைத் தூக்கிட்டு வந்து குனிஞ்சா? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே! ஒரு வார்த்தை போதுமே! பாவி நான், அன்னிக்கு அந்த இனிப்புல ரெண்டை எடுத்துத் தின்னேன். டீயையும் குடிச்சேன்.

— எனக்கு உங்க அழுகை வேண்டாம் சார். ஒரே ஒரு வரி வேணும். நீங்க பதினேழு பொய் எழுதின அதே இடத்துல, உங்க பேர் போட்டு. இதுக்கு வண்ணம் அடிச்சது இரியே சிஸூரு, அவங்க மேல தப்பில்லன்னு.

— எழுதறேன். நூறு தடவை எழுதி அழிச்சிருக்கேன், தெரியுமா? தினமும் திறந்து பாப்பேன். அவ பேரை அடிப்பேன், பயம் வந்து அழிச்சிட்டு ஒசாகான்னு எழுதுவேன். எல்லாவனும் திட்டுவான். முதல்ல இன்டர்நெட்ல படத்தை ஏத்தின ஆள் மட்டும், ஒவ்வொரு தடவையும் கீழ வந்து, 'நன்றி. இன்னும் ஏதாவது ஞாபகம் வந்தா எழுதுங்க, காத்திருக்கேன்'னு போடுவான். அவ்வளவு மரியாதை. அதைப் படிச்சதும் எல்லாத்தையும் மூடி வச்சிடுவேன். குளிர்காலத்துலேருந்து அவனையும் காணோம். கடைசியா எழுதின ரெண்டுக்கும் நன்றி வரல.

— துணி நின்னுடுச்சு சார்.

— கிடக்கட்டும் துணி! இந்தா, உன் போனைக் குடு. இப்பவே அடிக்கறேன், உன் கண்ணு முன்னாடியே. நீ அம்மாகிட்ட கொண்டு போய்க் காட்டு. இல்ல, நானே வரேன். இனிப்புப் பெட்டி வாங்கிட்டு வரேன். வாசல்லயே குனியறேன், உள்ள கூப்பிட வேண்டாம்.

— பிப்ரவரி ஒம்பதாம் தேதி போயிட்டாங்க சார்.

— என்னது?

— குடல்ல கட்டி. மூணு மாசம் ஆஸ்பத்திரில இருந்தாங்க. சாகறதுக்கு முந்தின வாரம் கூட லேப்டாப்பை மடில வச்சு எதையோ பாத்துட்டே இருந்தாங்க. நான், கண்ணு வலிக்கும், மூடி வைங்கன்னு திட்டினேன்.

— அப்ப நான் யாருக்கும்மா எழுதறது? இருக்கறப்ப எழுதல. பதினோரு வருஷம் விரலை வச்சுட்டு உக்காந்திருந்தேனே. நீதான் உங்கம்மாவுக்காக இதை இன்டர்நெட்ல ஏத்தினியா? ஆனா படம் இருந்த டேப்பை முதலாளி என் கண் முன்னாடி குப்பைல போட்டாரே.

— வாசல்கிட்ட இருந்த குப்பைக் கூடைலேருந்து நான்தான் எடுத்தேன், நரிப் படம் ஒட்டியிருந்துச்சுன்னு. ரெயின்கோட்டுக்குள்ள ஒளிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன். அதோட மறந்துட்டேன். இன்டர்நெட்ல நான் ஏத்தல.

— பின்ன யாரு?

— காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் அம்மா லேப்டாப்பைத் திறந்து பாத்தேன் சார்: படத்தை ஏத்தி 'இதை எடுத்தது யாருன்னு யாருக்காவது தெரியுமா'ன்னு கேட்டதும், உங்க ஒவ்வொரு பொய்க்கும் நன்றி சொல்லிக் காத்திருந்ததும் அம்மாதான்.