தூணுக்கு ஒரு லாக்

வீட்டில் கார் தூக்கும் லிஃப்ட் போடுவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கூரையைத்தான். எல்லோரும் நேராக மோட்டாரைப் பார்க்கிறார்கள், பெயிண்டைப் பார்க்கிறார்கள். கடையில் ஒருவர் சிவப்பா நீலமா என்று மனைவியோடு மல்லுக்கு நின்றார். எங்கள் ஷெட்டின் கூரை தாழ்வு. காரை இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றினால் அதன் தலை மேலே இடிக்கும். அதைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் அத்தனையும் தண்டம்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஊரைச் சுற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஐயா. இதுதான் பதில். அந்த லிஃப்டைத் தேர்ந்தெடுத்தது நான். என் கணவர் மெனக்கெடக்கூட இல்லை. "நீ பாத்தா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அவருக்குப் பழைய கார்கள் என்றால் உயிர். ஆனால் என் தம்பி போனபிறகு காருக்கு அடியில் அவர் போனதே இல்லை. மேலிருந்து கை எட்டுகிற வேலைகளோடு சரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லிஃப்ட் ஆசை வந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "மச்சினன் போனதுக்கப்புறம் ஜாக்கியை நான் நம்புறதில்ல" என்பார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

என் தம்பி அதே ஷெட்டில்தான் செத்தான். காரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் இரும்பு ஸ்டாண்டை முட்டுக்கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்தான். நான்தான் பரிமாறினேன். "ஸ்டாண்டு போட்டியாடா?" என்று கேட்டதற்கு, "போடாம படுப்பேனாக்கா? எனக்கென்ன பைத்தியமா?" என்றான். கையைத் துடைத்துக்கொண்டே போய்ப் படுத்தான். ஜாக்கி இறங்கிவிட்டது. நான் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, முற்றத்தில் நின்ற தன் காரின் அடியிலிருந்து என் கணவர் அந்த ஸ்டாண்டை உருவி எடுத்துக்கொண்டிருந்தார். உருவியவர் ஷெட்டுக்கு ஓடி, அது வழக்கமாக நிற்கிற சுவரோரம் அதை நிறுத்தினார். அதற்கப்புறம்தான் அலறினார்.

வந்தவர்களிடம் அவர் சொன்னது: "எத்தனை தடவ சொல்லியிருக்கேன், ஸ்டாண்டு வைக்காம உள்ள போகாதடான்னு. கேட்டாத்தானே." ஸ்டாண்டு சுவரோரம் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் நம்பினார்கள். என் தம்பிக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வந்து அதுவே நிலைத்துவிட்டது. என் அப்பா கடைசிப் படுக்கையில்கூட, "அவசரப்பட்டுட்டானே பாவி" என்றுதான் புலம்பினார். அந்தப் புலம்பலைக் கேட்டபோது என் கணவர் அவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே வார்த்தை. 'நான்தான் எடுத்தேன்' என்று அவர் வாயால் வர வேண்டும். செத்தவன் மேல் போட்ட பழியை இறக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவு வருஷமும் அதற்காகத்தான் காத்திருந்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இருந்ததில்லை. அவருக்குச் சோறு வடித்தேன், மூட்டு ஆபரேஷன் ஆனபோது கைத்தாங்கலாக நடத்திப் பழக்கினேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், என்னை ஒரு குறை சொல்ல ஆள் இருக்காது.

லிஃப்டுக்கு வருகிறேன். இரண்டு தூணையும் இணைக்கிற கம்பியும் குழாயும் சில மாடல்களில் தலைக்கு மேலே குறுக்காகப் போகும். தாழ்ந்த கூரைக்கு அது ஒத்துவராது. இன்னொரு வகையில் தரையோடு போகும், மேலே இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கும். வாசற்படி மாதிரி குறுக்கே ஒரு மேடு. அதில் ஒரே தொந்தரவு, படுத்தபடி நகர்கிற சக்கரப் பலகை அந்த மேட்டில் முட்டிக்கொள்ளும். இந்தப் பக்கம் படுத்தவர் அந்தப் பக்கம் சட்டென்று உருண்டு போக முடியாது. எங்கள் ஷெட்டின் பின்சுவரோரம் முழுக்கச் சாமான், அந்த வழியாகவும் வெளியே வர முடியாது. அடியில் போனால் அவர் மேட்டுக்கு அந்தப் பக்கம், பின்பாதியில்தான் படுக்க வேண்டும், கியர் பாக்ஸ் அங்கிருந்துதான் எட்டும். நான் தரைத்தகடு மாடலைத் தேர்ந்தெடுத்தேன். கூரைக்கு அதுதான் பொருத்தம், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

அடுத்தது லாக். கார் ஏற ஏற, ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு லாக் 'டக் டக்' என்று விழுந்துகொண்டே வரும். எண்ணெய் அழுத்தம் போனாலும் கார் கீழே வராமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். காரை இறக்கும்போது ஒரே தூணில் நின்று இழுத்தால் இரண்டு லாக்கும் விடுபடுகிற மாடல் உண்டு. தூணுக்குத் தூண் நடந்துபோய்த் தனித்தனியாக விடுவிக்கிற மாடலும் உண்டு. நான் கேட்டது இரண்டாவது.

பொருத்த வந்த ஃபிட்டர் நல்ல மனுஷர். "அம்மா, சாரு மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் போய் வரணும். ஒரு பக்க மாடலே மாத்திக்கலாமே?" என்றார்.

"நடந்தா அவருக்கு நல்லதுதாங்க. டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார்" என்றேன்.

"பாத்தியா," என்று என் கணவர் சிரித்தார், "ஷெட்டுக்குள்ளயும் எனக்கு வாக்கிங் போட்டுட்டா."

தரையை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். பழைய தரையைப் பெயர்த்து, புதிதாகக் கனமாகக் காங்கிரீட் போடச் சொன்னேன். அது இறுகுவதற்குள் தூணை நிறுத்தலாம் என்று அவர் பறந்தார், நான் விடவில்லை. வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு போல்ட்டையும் என் எதிரில் முறுக்கச் சொன்னேன். தரை மோசமாக இருந்தால் தூண் சாயும், கார் பக்கவாட்டில் எங்காவது விழும், சுவர் போகும், யார் மேல் விழுமென்று சொல்ல முடியாது. கார் நேராக இறங்க வேண்டும். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அவரை எனக்குத் தெரியும், ஐயா. தனக்குத் தொந்தரவாக இருப்பதை அவர் எடுத்துவிடுவார். அது யாருக்கு முட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க மாட்டார். லிஃப்ட் வந்து கொஞ்ச நாளிலேயே எதிர்த்தூணுக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டது. அந்த லாக்கின் பிடியை இழுத்து, ஒரு துண்டுக் கம்பியால் கட்டிவிட்டார். இனி அது விழவே விழாது. "ஒண்ணு போதும், கம்பெனிக்காரன் சும்மா ரெண்டு வெச்சிருக்கான்" என்று எனக்கு விளக்கம் வேறு. நான் தலையாட்டினேன்.

அந்தப் பக்கத்துக் கம்பியைக் கட்டியது அவர். இந்தப் பக்கத்துக் கம்பி என் வேலை. அன்று காலை அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கட்டினேன், அதே சுருளிலிருந்து வெட்டிய கம்பியால். ஷெட்டுக்கு அடுத்த சுவரில்தான் வாஷிங் மெஷின். அதில் கம்பளிகளைத் திணித்துப் போட்டேன். கம்பளி போட்டால் அது பேயாட்டம் ஆடும். கார் ஏறும்போது 'டக் டக்' கேட்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் பலகையில் படுத்து உள்ளே போனார். "டார்ச் புடி" என்றார். நான் தூணருகே நின்று பிடித்தேன். காரை இறக்குகிற லிவர் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மெஷின் ஓய்ந்தது. வீடு கப்சிப் என்றாகிவிட்டது.

"என்னங்க," என்று கேட்டேன், "அன்னைக்கு ஸ்டாண்டை எடுத்தது யாரு?"

இங்கேதான் நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் வேண்டும். நீங்கள் வாசித்துக் காட்டியதில், 'அவர் உண்மையை மறுத்ததால் ஆத்திரம் தாங்காமல் அழுத்திவிட்டேன்' என்று இருக்கிறது. எனக்கு நல்லது செய்ய நினைக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் அவர் மறுக்கவில்லை.

ஸ்பானர் சத்தம் நின்றது. அடியிலிருந்தபடியே சொன்னார்: "நான்தான். என் வண்டிக்கு வேணும்னு உருவிட்டேன். அவன் சாப்பிட்டு வர நேரமாகும்னு நெனச்சேன்." பிறகு, "நீ ஜன்னல்ல நின்னதப் பாத்தேன். என்னைக்காவது கேப்பேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ கேக்கவே இல்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்கப்பா கால்லயும் விழுந்திருப்பேன்."

அவர் அழுதுகொண்டிருந்தார். பொய் சொல்கிற குரல் எனக்குத் தெரியும், அது பொய் இல்லை. கையை நீட்டி என் காலைத் தொட முயன்றார். பலகை தரைத்தகட்டு மேட்டில் முட்டி நின்றது, எட்டவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சமையலைப் பார்த்திருக்கலாம். அவர் மறுத்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். மறுத்திருந்தால் மறுநாளும் அவரை வெறுத்துக்கொண்டே காபி போட்டிருப்பேன், அதற்கு மறுநாளும். தம்பி போனபிறகு நான் முட்டுக்கொடுத்து நின்றது அந்த வெறுப்பின் மேல்தான். அதையும் அவர் உருவிவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொண்டார். அழுதார். மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் லிவரை அழுத்தினேன்.